எவ்விறைச்சி ஆகும், எவ்விறைச்சி ஆகாது?

நம் குண்டசாலையில் மாளிகை கட்டி வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னன் (1707–1739) பிறப்பதற்கு முன்னரே, கண்டி இராச்சியத்தாரின் ஊண் வழக்கங்களைக் குறித்து வைத்தவன் ஓர் ஆங்கிலேயன். றொபேட் நொக்ஸ் என்னும் அவன் 1660இற் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டான். மாட்டிறைச்சி இந்நாட்டில் உண்ணத்தகாதது, அருவருக்கத்தக்கது என்பது அவன் கண்டு எழுதிய செய்தி.

ஆயினும் அதே நூலில் ரொடியர் என்னும் குலத்தாரைப் பற்றியும் படிக்கிறோம். அரசனுக்கு மானிறைச்சி கொண்டுவரும் வேடராயிருந்த அவர்தம் முன்னோர், ஒருமுறை மனித இறைச்சியைக் கொடுத்தமையால் இழிகுலத்தாராக்கப்பட்டனர் என்பது அக்காலத்தார் சொன்ன கதை. கதை மெய்யோ பொய்யோ, அதன் பயனைக் கவனியுங்கள். செத்த மாட்டின் தோலால் யானை பிடிக்கும் கயிறு திரிப்பது அவர் தொழில். கயிறு அரசனுக்கு வேண்டும். கயிறு திரித்தவனோ வீட்டு வாயிலை மிதிக்கலாகாது! மாட்டை உண்டான் என்று தாழ்த்தினார்களோ, தாழ்த்தியபின் மாட்டைத் தவிர வேறொன்றும் கிடையாமற் செய்தார்களோ? பின்னையதே பெரிதும் உண்மையென எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்திலோ அதே பசு வேறொரு சரித்திரம் படைத்தது. பறங்கியர் ஆட்சியில், அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசுக் கொடுக்க வேண்டியிருந்ததாம். தம் முறை வந்தபோது திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாக ஊரைத் துறந்து இந்தியாவுக்குச் சென்றார் என்பது கர்ணபரம்பரை. சிதம்பரத்தில் அவர் பெயராற் குளமொன்று இன்றும் உண்டு.

திருவள்ளுவர் இவ்விலங்கு ஆகும், அவ்விலங்கு ஆகாது என்று பிரிக்கவில்லை. புலான்மறுத்தல் என ஓர் அதிகாரமே வகுத்து எல்லா ஊனையும் விலக்கினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாவலர் பெருமானும் நாலாம் பாலபாடத்திற் புலாலுண்ணலைக் கண்டித்தார். நம்மனோர் பலர் ஆட்டையும் கோழியையும் உண்டுவிட்டு, மாடு உண்பவனை மட்டும் முகஞ்சுளித்துப் பார்ப்பது எந்த நூலின்படியோ அறியேன்.

அண்மைக் காலத்திலும் இவ்விவகாரம் தணிந்ததில்லை. 2013ஆம் ஆண்டு வெசாக் நாளன்று, மாடறுத்தலை எதிர்த்துத் தலதா மாளிகை முன்றிலில் பிக்கு ஒருவர் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டு மறுநாள் இறந்தார். ஹலால் முத்திரைக்கெதிரான கிளர்ச்சி முஸ்லிம் அயலவரை வருத்தியதும் அவ்வாண்டிலேதான். 2020இல் மாடறுத்தலைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது; உண்பவர்க்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றும் அதனோடு சேர்த்தது! பாவத்தைக் கப்பலில் ஏற்றி இறக்கினால் பாரம் குறையும் போலும்.

பெரியோர் பொறுப்பாராக, ஒன்று சொல்லிவிடுகிறேன். விடுதியில் எனக்கும் ஒரு தோட்டத்து நண்பனுக்கும் ஒரே மேசை. விடுமுறை கழிந்து வந்தவன் வீட்டிலிருந்து காட்டுப்பன்றி வற்றல் கொண்டுவந்து அன்போடு நீட்டினான். "சீ, பன்றியா? நாங்கள் சைவ ஆக்கள்" என்றேன். அன்று மத்தியானம் என் கோப்பையில் ஆட்டுக்கறி இருந்தது. அவன் கோபிக்கவில்லை. "கண்ணப்ப நாயனாரு சாமிக்கு என்னாத்த படைச்சாரு?" என்று மட்டும் கேட்டான்.

அதற்கு முந்திய வாரந்தான் அப்புராணத்தைச் சமயபாட வகுப்பில் உரக்க வாசித்து மெச்சப்பட்டவன் நான். விடை கூறாமல் எழுந்துபோய்க் கை கழுவினேன்.