அச்சேறிய அபவாதமும் மன்னிக்கும் உரிமையும்

தாமிரபரணிக் கரைப் பேச்சில் 'பொறுத்துக்கொள்' என்பதும் 'மன்னித்துவிடு' என்பதும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்கினாலும், அவை இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதும், பத்திரிகைப் பொய்யால் கீர்த்தி இழந்தவர் விஷயத்தில் அந்த வேறுபாட்டை மறப்பது அநீதியாக முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். பொறுமை, துன்புற்றவர் தன்னந்தனியே மேற்கொள்ளத்தக்க விரதம். மன்னிப்போ, தீங்கிழைத்தவர் 'இன்னதைச் செய்தேன்' என்று வாய்திறந்த பிறகே கொடுக்கக்கூடியது.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே நாகர்கோவில் சாலையில் போனால், பணகுடிப் பக்கத்தில் மகேந்திரகிரி மலையும் அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையமும் இருக்கின்றன. அங்கே சோதிக்கப்பெற்று, 2008இல் சந்திரயானைச் சுமந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை இயக்கிய விகாஸ் எஞ்சினை உருவாக்கிய குழுவின் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். 1994 அக்டோபரில் மாலத்தீவுப் பெண் ஒருவர் திருவனந்தபுரத்தில் கைதானது முதல், விண்வெளி ரகசியம் விலைபோயிற்று என்று பத்திரிகைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எழுதின. நவம்பர் 30இல் நம்பி நாராயணனும் கைதாகி 50 நாள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டு பொய்யென்று 1996இல் சி.பி.ஐ. அறிக்கை தந்தது. மறுவிசாரணைக்கு எடுத்த முயற்சியை 1998இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2018 செப்டம்பர் 14இல் அதே நீதிமன்றம், கைதே அநாவசியமானது என்று கூறி 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. அதைக் கொடுக்கக் கடமைப்பட்டது கேரள அரசு. அவதூறைப் பரப்பிய பத்திரிகைகள் அல்ல.

நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரே நாளிதழைத் தாள்தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பதை யாரும் பார்த்திருக்கலாம்: முதல் தாள் கைமாறிக் கைமாறி மை கலைந்து, தேநீர்க் கறையும் ஏறிக் கிடக்கும், உள்தாளோ மடிப்புக் கலையாமல் பெஞ்சியிலேயே இருக்கும். குற்றச்சாட்டு வருவது முதல் தாளில். 'வருந்துகிறோம்' என்ற இரண்டு வரி வருவது உள்தாளின் அடியில்.

சட்டத்தின் நிலையும் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 500ஆம் பிரிவில் அடங்கிய அவதூறு, பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றமாக வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவுப்படி அச்சமரசத்தின் பயன், எதிரிக்கு விடுதலையாக இருந்தது. எழுதியது பொய் என்று ஒரு சொல்லும் பதிவாகாமலே எழுதியவர் நிரபராதியாகி வெளியேற, எழுதப்பட்டவர் மீதுள்ள பழியோ நூலகத்துப் பழைய நாளிதழ்க் கட்டில் அப்படியே கிடக்கிறது. இதற்கு மன்னிப்பு என்று பெயரிடுவது சொல்லுக்குச் செய்யும் துரோகம். பத்திரிகை மன்றமும், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்சரிக்கவும் கண்டிக்கவும் வல்லதே அன்றித் தண்டிக்க வல்லதன்று.

போலீஸார் சொன்னதை நம்பித்தானே நிருபர் எழுதினார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏமாந்தவரின் குற்றம் ஏமாற்றியவரின் குற்றத்தினும் சிறிது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஏமாந்தது தெரிந்த நாள் முதல் மௌனம் அவருடைய சொந்தச் செயலாகிவிடுகிறது. மேலும், துன்புற்றவர் தம் பங்கைத்தான் மன்னிக்க முடியும். பொய்யை நம்பி அண்டை வீட்டாரை வெறுத்த வாசகனுக்கு இழைத்த தீங்கை அவர் எவ்வாறு மன்னிப்பார்? ஆகையால் எந்தப் பக்கத்தில் பழி வந்ததோ அந்தப் பக்கத்திலேயே, எழுதியவர் பெயரோடு திருத்தம் வரட்டும். மன்னிப்பதும் மறுப்பதும் அதன் பிறகு அவரவர் இருதயத்தைப் பொறுத்தது.

காலதாமதம் இதில் சிறிய விஷயமன்று. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பெற்றுப் பின்னர் நிரபராதி எனக் காணப்பட்ட கே. சந்திரசேகர், 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியான நாளில் பெங்களூரில் நினைவிழந்து கிடந்தார். இரண்டு நாளில், தீர்ப்பை அறியாமலே காலமானார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி எவருக்கும் வழியில்லை.