சாயவேரும் தையல் ஊசியும்

பொழுது புலர்வதற்கு முன்னரே வன்னியின் வீதிகளிற் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. புதுக்குடியிருப்பிலும், வள்ளிபுனத்திலும், உடையார்கட்டிலும், விசுவமடுவிலும் இளம் பெண்கள் சாப்பாட்டுப் பெட்டியுடன் சந்தியில் வந்து காத்து நிற்கின்றனர். ஊரார் அதனைக் 'காமென்ட்ஸ் பஸ்' என்பர். மாலையில் அப்பெண்கள் களைத்து வீடு திரும்புவர். அவர்கள் தைத்த உடுப்புக்களோ கொழும்புத் துறைமுகத்தின் வழியே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமாகும். இப்பெண்களுட் பலர் 2009ஆம் ஆண்டில் இதே மண்ணிற் பதுங்கு குழிகளுக்குள் கிடந்த குழந்தைகள்.

இக்காட்சியைக் காணுந்தோறும் எமது உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுகின்றன. இவ்வேலை எங்கிருந்து வந்தது? இதற்கு முன் இம்மண்ணில் இருந்த வேலைகள் எங்கே போயின? இவ்வுழைப்பின் பயன் யார் கையைச் சேருகின்றது? இவற்றுக்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

தொலைதூரத்து முதலாளிக்கு இங்கிருந்தவாறே துணியாக்கிக் கொடுப்பது எமது நாட்டுக்குப் புதிய செய்தியன்று. வட இலங்கையின் மணற்பாங்கான நிலங்களிலே சாயவேர் என்றொரு சிறு செடி தானாகவே வளரும். அதன் வேரிலிருந்து பெறப்படும் செந்நிறம் வெயிலுக்கும் வெளுப்புக்கும் எளிதிற் போகாது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி இவ்வேரின் பெறுமதியை விரைவில் உணர்ந்தது. வேர் தோண்டும் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. சோழமண்டலக் கரையிலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் வருவித்தது. வேர் தோண்டியவர் எமது மக்கள். நெய்தவரும் தோய்த்தவரும் எமது இனத்தவர். விலையை நிர்ணயித்தது கொம்பனி. இலாபத்தைப் பங்கிட்டவர் ஒல்லாந்து நாட்டிலிருந்த பங்குதாரர்.

ஆங்கிலேயர் வந்தபின் நிலைமை வேறு வகையிற் கெட்டது. இலங்காசயர் ஆலைகளின் மலிவுத் துணி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. இந்திய நெசவாளனை வீழ்த்திய அதே வெள்ளம் யாழ்ப்பாணத்துத் தறிகளையும் மூழ்கடித்தது. 1868இல் ஜெர்மனியின் இரசாயன அறிஞர் கிறேப், லீபர்மன் என்னும் இருவர், சாயவேரின் செந்நிறத்துக்கு மூலமான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளிலே தொழிற்சாலைச் சாயம் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே நலிந்திருந்த சாயவேர்த் தொழிலுக்கு இனி எதிர்காலம் இல்லையென்றாயிற்று. அறிவியலை நாம் நோவோமல்லோம். கண்டுபிடிப்பு மனித குலத்தின் பொதுச் சொத்து. அதன் பயன் ஒரு சிலரின் உடைமையாகும்போதே அது பலரின் பிழைப்பைப் பறிக்கின்றது. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது வடகிழக்கிற் பெருங் கைத்தொழில்கள் தோன்றும் காலம் வந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஆண்டுகளிற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றுக்கு வழி பிறந்தது. இம்மூன்றினுள் வன்னிக்கு மிக அண்மையது பரந்தன். ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கரைத்து, அக்கரைசலூடு மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு புறம் கோஸ்டிக் சோடாவும் மறு புறம் குளோரினும் கிடைக்கும். கோஸ்டிக் சோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேண்டும். குளோரின் குடிநீரைத் தூய்மையாக்க வேண்டும். ஆனையிறவில் விளைந்த உப்பு பரந்தனில் இரசாயனமாகி வாழைச்சேனையிற் காகிதத்துக்கு உதவும் என்பது எத்துணை இயல்பான ஒழுங்கு! ஒரு தொழில் மற்றொரு தொழிலுக்குத் தீனி போட்டது. இவ்வேலைகளாற் கூலி மட்டுமன்றித் தொழில் அறிவும் இம்மண்ணில் ஊன்றியது.

வேளாண்மையிலும் இத்தகைய ஒரு நம்பிக்கை எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் வேலையற்றிருந்த படித்த இளைஞர் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் நிலம் பெற்றுக் குடியேறினர். 'படித்த வாலிபர் திட்டம்' என்று இன்றும் முதியோர் அதனைக் கூறுவர். காடு வெட்டிய கைகளே மிளகாய் நட்டன, வெங்காயம் நட்டன. 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னியின் தோட்டங்கள் செழித்தன. அக்காலத்திற் பாணுக்கு வரிசையில் நின்ற நகர மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறைக்கவில்லை. ஆயினும் சொந்த மண்ணில் விளைந்த பொருளுக்குச் சொந்த நாட்டிற் சந்தை இருந்தது என்பதும் மறைக்கவொண்ணாத உண்மை.

1977இற் கதவு திறக்கப்பட்டது. ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அயல்நாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்தன. வடக்கின் தோட்டக்காரன் விலையிழந்தான். இறக்குமதித் துணி வந்தது. நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டிலேயே, 1978இல், கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. உள்நாட்டுத் தேவைக்கு நெய்த தறி நிற்க, அயல்நாட்டுக் கட்டளைக்குத் தைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலன்று; ஒரே கொள்கையின் இரு முகங்கள் அவை.

பின்னர் வந்தது போர். 1985இற் பரந்தன் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 1990இற் காங்கேசன்துறை ஆலை நின்றது. ஆனையிறவு உப்பளம் போர்க்களமாயிற்று. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் மூடுண்டது. பிரேமதாச அரசாங்கம் 1992இற் கிராமங்கள்தோறும் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைத் திறக்கும் திட்டத்தைத் தொடங்கிய வேளையில் வன்னி முற்றுகைக்குள் இருந்தது. 2009இன் முதல் மாதங்களிற் புதுக்குடியிருப்பு பட்ட பாட்டை இங்கே விரித்துரைக்க நாம் முனையவில்லை. அவ்வாண்டு பெப்ரவரியில் இவ்வூர் மருத்துவமனை மீதே எறிகணைகள் விழுந்தன என்ற ஒன்று போதும்.

மூடிய தொழிற்சாலைகளுள் ஒன்றின் பிற்கதை மட்டும் எம்மை மிகவும் சிந்திக்க வைக்கின்றது. பரந்தனில் ஆலை நின்ற பின்னரும் பரந்தன் இரசாயனக் கொம்பனி என்னும் அரச நிறுவனம் மறையவில்லை. அது குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து நாட்டின் குடிநீருக்காக விற்கலாயிற்று. பெயர் பரந்தன், பொருள் பிறநாட்டது, வேலை பரந்தனில் இல்லை. உப்பின் கதையும் ஏறத்தாழ இதுவே. நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு 2025இல் உப்புத் தட்டுப்பாட்டாற் பிறநாட்டு உப்பை வாங்க நேர்ந்தது.

தொழிற்சாலையின்றிப் பெயரை மட்டும் வைத்திருத்தல் எமக்கு வறுமையின் அடையாளம். உலகின் பெருஞ்செல்வருக்கோ அதுவே செல்வத்தின் திறவுகோலாக அமைந்தது. ஸ்டீவ் ஜொப்ஸ் 1984இல் மக்கின்டோஷ் கணினியை அறிமுகஞ் செய்தபோது, கலிபோர்னியாவிலே பிரீமொன்ட் என்னும் நகரில் தம் சொந்தத் தொழிற்சாலையைத் திறந்தார். அது 1992இல் மூடப்பட்டது. பின்னர் அப்பிள் நிறுவனம் தன் பொருள்களைப் பெரும்பாலும் பொக்ஸ்கொன் போன்ற ஒப்பந்தக்காரரிடம், சீனத்துத் தொழிற்சாலைகளிலே செய்வித்தது. 2010இற் சென்சென் நகரத்துப் பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் இளந் தொழிலாளர் ஒருவர்பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து உயிர் மாய்த்தனர். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அதே ஆண்டின் ஐபோனைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். விற்பனை விலையில் 58.5 சதவீதம் அப்பிளின் இலாபம். சீனத் தொழிலாளரின் கூலியாகச் சென்றது 1.8 சதவீதம். 2018 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் சந்தைப் பெறுமதி ஒரு இலட்சங் கோடி டொலரைத் தொட்டது.

அமெரிக்கத் தொழிலாளி அடைந்தது யாது? 1979இல் அந்நாட்டின் உற்பத்தித் தொழில்களில் ஒரு கோடியே தொண்ணூற்றைந்து இலட்சம் பேர் வேலை செய்தனர். 2010இன் தொடக்கத்தில் எஞ்சியோர் ஏறத்தாழ ஒரு கோடியே பதினைந்து இலட்சம் பேர். இயந்திர வளர்ச்சியும் பொருளாதார நெருக்கடியும் இதற்குக் காரணமாயின. வேலைகளைக் கடல் கடத்தியமையும் காரணமாயிற்று. ஒகையோவின் தொழிலாளி தன் வேலையை ஆசியாக்காரன் திருடிவிட்டான் என்று எண்ணும்படி போதிக்கப்படுகின்றான். அவன் இழந்த கூலி இங்குள்ள பெண்ணின் கைக்கு வந்திருந்தால் இவள் செல்வந்தியாயிருத்தல் வேண்டுமன்றோ? 2025இல் இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. நூறு டொலருக்குச் சிறிதே குறைவு. இரு கூலிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடுவில் நிற்பவனின் பெட்டகத்தைச் சேர்ந்தது. இங்கு இரு தொழிலாளரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர்.

போருக்குப் பின் வன்னிக்கு வந்த ஆடைத் தொழிற்சாலைகளை இவ்வுலகச் சங்கிலியின் கண்ணிகளாகவே காணல் வேண்டும். கிளிநொச்சியில் வந்தன, வவுனியாவில் வந்தன, புதுக்குடியிருப்பிலும் வந்தது. கணவனைப் போருக்குப் பறிகொடுத்த பெண்ணுக்கு மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளம் சிறு பொருளன்று. சேமலாப நிதி, வங்கிக் கணக்கு, வீட்டிற் கேட்கப்படும் ஒரு சொல் — இவற்றை இழிவாகப் பேசுவோர் பசியறியாதோர். எனினும் அவ்வேலை எத்துணை மெல்லிய நூலிலே தொங்குகின்றது என்பதையும் சொல்லாதிருத்தல் அறமன்று. 2021 மே மாதத்திற் புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே கொரோனாத் தொற்றுப் பரவி ஊரே தனிமைப்படுத்தப்பட்டது. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமைக் காரணங்காட்டி ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்திலேயே திரும்ப வழங்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்தார்; பேச்சுவார்த்தைகளின் பின் ஆகஸ்டில் அது 20 சதவீதமாயிற்று. தன் தையல் இயந்திரத்தை விட்டு எழாத பெண்ணின் வாழ்வு, அவள் கண்டிராத மேசைகளின் மீது நான்கு மாதங்கள் ஏலம் போயிற்று. அதே ஆண்டு மே மாதத்திற் கட்டுநாயக்காவில் ஒரு பெரும் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

இந்நூல் அறுந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழகமே சான்று. சென்னைக்கு அண்மையில் சிறீபெரும்புதூரில் 2006இல் நொக்கியாத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அரசு சலுகைகளை அள்ளி வழங்கியது. கிராமத்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வேலைக்குச் சென்றனர். 2014இல் நொக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசொப்ட் வாங்கியபோது, வரி வழக்கிற் சிக்கியிருந்த இத்தொழிற்சாலை விற்பனையிற் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி அதன் கதவு மூடியது. இருபத்தைந்து வயதிலே 'பழைய தொழிலாளி' ஆகிவிட்ட பெண்கள் ஊர் திரும்பினர். அதே வட்டாரத்திற் பின்னர் ஐபோன் பூட்டும் வேலை பெருகியது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, பொக்ஸ்கொன் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2024இற் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களது சங்கம் 2025 ஜனவரியிற் பதிவு பெற்றது. சலுகை கொடுத்து வருவித்த தொழிற்சாலை மேலும் சலுகை கிடைக்குமிடத்துக்குச் செல்லலாம். சங்கமாகச் சேர்ந்த தொழிலாளியை அவ்வளவு எளிதிற் பெயர்த்துச் செல்ல முடியாது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு தொழிற்சாலை வேண்டாமென்பதன்று. காமென்ட்ஸ் பஸ்ஸை மறித்து நிறுத்துவதும் அன்று. அதில் ஏறும் பெண்ணுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும். வாழ்வதற்குப் போதிய சம்பளம் வேண்டும். அத்தொழிற்சாலை நாளை மூடினால் அவள் நடுத்தெருவில் நில்லாதிருக்கச் சட்டம் வேண்டும். அத்துடன் அவள் ஊரில் மற்றொரு வேலையும் இருத்தல் வேண்டும். புதுக்குடியிருப்பின் மணலில் விளையும் கச்சானை இங்கேயே எண்ணெயாக்கலாம். நந்திக்கடல் இறாலை இங்கேயே பதப்படுத்தலாம். ஆனையிறவு உப்பு மீண்டும் பரந்தனில் இரசாயனமாகலாம். கூட்டுறவும் அரசும் முதலிட்டால் இவை கனவல்ல. எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்நாடு இதனிலும் பெரியவற்றைச் செய்து காட்டியது.

சாயவேரைத் தோண்டியவர் தாம் தோண்டிய வேரின் செந்நிறம் எந்த நாட்டில் யார் உடலை அலங்கரித்தது என்பதை அறியாமலே மறைந்தனர். புதுக்குடியிருப்பின் பெண் அவ்வாறன்று. தான் தைக்கும் உடுப்பின் கழுத்துப் பட்டியில் எவன் பெயர் எழுதியிருக்கின்றது என்பதையும், அது என்ன விலைக்கு விற்கப்படுகின்றது என்பதையும் தன் கைப்பேசியில் அவளே பார்க்கின்றாள். அக்கணக்கை அவள் தன் தோழியரோடு சேர்ந்து உரத்துக் கேட்கும் நாளில் அவள் பக்கம் நிற்பது எழுதுவோராகிய எமது கடமை.