வாய்ப்புற்று, தாம்பூலத்தால் வருவது

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் புகையிலையோடு கூட்டி மென்று, அச்சக்கையை நெடுநேரம் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கத்தினால் அவ்விடத்துச் சவ்வில் ஓயாத அழற்சி உண்டாகி, அது ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றாக முதிரும் வியாதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதி. சுசுருதர் கூறும் ‘விதாரி’ என்னும் வாய்நோய் இதற்கு முன்னோடியான ஒரு நிலையே என்பது சிலர் அபிப்பிராயம், அறுதியிட்டுரைப்பது அரிது.

அழற்சிக்கும் புற்றுக்கும் சம்பந்தமுண்டு என்னும் கொள்கையை, கட்டிகளினுள்ளே வெள்ளணுக்கள் குழுமியிருக்கக் கண்ட ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1863-இல் வெளியிட்டார். அது பின்னர் நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை.

இவ்வியாதியின் சரித்திரத்தில் நெய்யூருக்குத் தனி இடமுண்டு. அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய இச்சிற்றூரில் 1838-இல் லண்டன் மிஷனார் தொடங்கிய வைத்தியசாலையிலே, ரண சிகிச்சை நிபுணர் பென்டால் புற்றுநோயாளர் 1,700 பேரின் விவரங்களைச் சுருக்கித் தொகுத்து, 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் பிரசுரித்தார். ஐரோப்பிய வைத்தியர்கள் நாக்கிலும் உதட்டிலும் கண்டு பழகிய புற்று இங்கே கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் கீழ் ஈறும் கூடும் பள்ளத்திலும், அதாவது சக்கை தங்குமிடத்திலேயே தோன்றுவதும், சிலர் அச்சக்கையை அடக்கியபடியே உறங்கிவிடுவதும், எவ்வித நுண்கருவியும் வேண்டாது கண்ணாற் கண்டறியத்தக்க உண்மைகளாய் இருந்தன. எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் 1922-இல் இடம்பெற்ற மருத்துவர் சாமர்வெல், அதன்பின் தென்னாட்டிற்கு வந்து, இவ்வூர் நோயாளிகளின் துயரங்கண்டு இங்கேயே பணியேற்றதும் குறிப்பிடத்தக்கது. இவ்வூர் அனுபவத்தைக் கொண்டு டாக்டர் ஐ. எம். ஆர் (Orr) என்பார் எழுதிய கட்டுரை 1933-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று.

குற்றம் புகையிலையினுடையதா, பாக்கினுடையதா என்னும் வாதம் நீண்டது. பாக்கினால் வாய்ச்சவ்வு நாராய் இறுகும் நோயை ஷ்வார்ட்ஸ் என்பார் 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடத்தும், அடுத்த ஆண்டு ஜோஷி பம்பாயிலும் விவரித்தனர். சர்வதேசப் புற்றாய்வு நிறுவனம் 1985-இல் புகையிலை கலந்த தாம்பூலத்தையும், 2004-இல் புகையிலையற்றதையும் பாக்கையும் புற்றுண்டாக்குவன என வகுத்தது.

பாக்கின் முரட்டு நார் சவ்வைக் கீற, சுண்ணாம்பின் காரம் பாக்கிலுள்ள பொருள்களிலிருந்து தீவிர ஆக்சிஜன் கூறுகளை எழுப்ப, பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் நார்த்திசு வளர்ச்சியைத் தூண்ட, புண்ணை ஆற்ற வரும் வெள்ளணுக்கள் ஓய்வின்றிச் சுரக்கும் பொருள்களே உயிரணுக்களின் மரபுப்பொருளைப் பழுதாக்கி, அவற்றின் பெருக்கத்திற்கும் துணைபோகின்றன. புற்றினை ஆறாத புண் என்று 1986-இல் ட்வோராக் என்பார் வருணித்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆயினும் கட்டியினுள் புகும் அணுக்களெல்லாம் அதற்கு உடந்தையென்பது பொருந்தாது: கொல்லும் தன்மையுள்ள டி-அணுக்கள் மிகுந்திருப்பது நற்குறியென்றும், சிலவகைப் பெருவிழுங்கணுக்கள் மிகுதல் தீக்குறியென்றும் பலர் கருதுவர், எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாயில்லை.

சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் 1954-இல் தொடங்கிற்று. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அங்கு வாய்ப்புற்றுக்கு மருந்தும் கதிரும் சேர்ந்த சிகிச்சையை வளர்த்தனர். குட்கா, பான் மசாலா ஆகியவற்றைத் தமிழக அரசு 2013-இல் தடைசெய்தது. எதிர்ப்பாற்றலின் தடையை நீக்கும் நிவோலுமாப் மருந்தின் விலை பெரும்பாலோர்க்கு எட்டாமையால், வழக்கமாக இரு வாரங்களுக்கொருமுறை 240 மில்லிகிராம் தரப்படும் அதனை மூன்று வாரங்களுக்கொருமுறை 20 மில்லிகிராமாகக் குறைத்து, மலிவான மாத்திரைகளோடு கூட்டிக் கொடுத்த பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையார், அதனால் தலை, கழுத்துப் புற்றுடையோர் ஆயுள் நீடித்ததாக 2023-இல் அறிவித்தனர்.