கொல்லி என்றொரு பெயர்

மாசி மகத்தன்று அருணாசலேசுவரர், மகனாக நின்று வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுப்பது திருவண்ணாமலை வழக்கம். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனுக்குப் பிள்ளையில்லை என்பது ஐதிகம். வரலாறு அவனுக்கு மகன் உண்டென்கிறது. ஐதிகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிள்ளை தங்காத துயரோடு அவ்வூருக்கு வருவோர் இன்று மருத்துவரிடம் கேட்டுவரும் சொற்களுள் ஒன்று 'இயற்கைக் கொல்லி அணுக்கள்'. அச்சொல்லின் வரலாற்றை நாம் சற்றுப் பார்க்கலாம். பாதி தந்தையுடையதான கருவைத் தாயுடல் அந்நியமென்று ஏன் தள்ளுவதில்லை என 1953-இல் பீட்டர் மெடவார் வினவினார். 1975-இல், புற்றணுக்களைத் தாமாகவே அழிக்கும் வெள்ளணுக்களுக்கு ஸ்வீடனில் இப்பெயர் சூட்டப்பட்டது. பின்னர் இவ்வினத்தைச் சேர்ந்தவையே கருப்பையின் உட்படலத்திலும் தெரிந்தன. கருவுற்ற தொடக்க மாதங்களில் அங்குள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவையே. பெயரே அச்சத்தை விதைத்தது.

கேம்பிரிட்ஜில் சார்லி லோக்கும் ஆஷ்லி மொஃபெட்டும் பல்லாண்டு ஆராய்ந்து கண்டது வேறு. இவை கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்கொடியின் அணுக்களை இனங்கண்டு, தாயின் இரத்தக்குழாய்கள் விரிந்து கருவுக்குக் குருதி பாயத் துணைநிற்கின்றன. அது குறைபட்டால் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நேரலாம். கையில் எடுக்கும் இரத்தம் கருப்பையின் நிலையைக் காட்டாது. ஆயினும் அச்சோதனையை நம்பி, பயன் உறுதிப்படாத மருந்துகளால் இவ்வணுக்களை அடக்க முயல்கிறார்கள்.