ஒரு தூக்க மாத்திரையின் வரலாறு

தலைவலி வந்தால் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் தோட்டப்புறங்களில் வெகுநாளைய பழக்கம். யாருக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. வாயும் வயிறுமாக இருக்கும் பெண்கள் இப்படிச் செய்யலாமா? ஐரோப்பாவில் நடந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

மேற்கு ஜெர்மனியில் கிரூனென்தால் என்னும் நிறுவனம் 1957ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, 'கொன்டெர்கான்' என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதிலிருந்த மருந்து தாலிடோமைட். வாங்குவதற்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை. எவ்வளவு கொடுத்தாலும் எலிகள் சாகவில்லை. ஆகவே அபாயமே இல்லாத மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். கருவுற்ற விலங்குகளுக்குக் கொடுத்து, குட்டிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தார்களா என்றால், இல்லை. 46 நாடுகளில் மாத்திரை விற்றது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள்.

விற்பனைக்கு வருமுன்பே, 1956 கிறிஸ்துமஸ் நாளில், அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்குக் காதுகள் இல்லாத குழந்தை பிறந்தது. மாத்திரையைத் தம் மனைவிக்கு அவர் முன்னதாகவே கொடுத்திருந்தார். அன்று யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ஊர் ஊராகக் கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் தாய்மார்களை ஒவ்வொருவராக விசாரித்தார். பலர் முதலில் எந்த மருந்தும் சாப்பிடவில்லை என்றே சொன்னார்கள். பொய்யன்று. தூக்க மாத்திரையை ஒரு மருந்தாக அவர்கள் நினைக்கவே இல்லை. தூண்டித் தூண்டிக் கேட்ட பிறகே நினைவுக்கு வந்தது. 1961 நவம்பர் 15ஆம் தேதி லென்ஸ் நிறுவனத்தை எச்சரித்தார். அம்மாத இறுதிக்குள் ஜெர்மனியில் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் மெக்பிரைடும் அதே காலத்தில் எச்சரித்தார். அதற்குள் உலகமெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பலர் சிசுப் பருவத்திலேயே இறந்தனர்.

இதில் நாம் முக்கியமாகக் கருதுவது நாள் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஏறக்குறைய 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரைதான் அந்த மருந்து கருவின் உறுப்புகளைக் கெடுத்தது. அந்நாள்களில் பல பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாது. ஒரே ஒரு மாத்திரைகூடப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் அது கடைக்கு வரவே இல்லை. அரசாங்க மருந்துத் துறையில் 1960இல் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணி, கொடுத்த சான்றுகள் போதாது என்று அனுமதியை நிறுத்தி வைத்தார். நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியும் அவர் அசையவில்லை. 1962இல் அதிபர் கென்னடி அவருக்கு விருது வழங்கினார். மருந்துச் சட்டமும் அவ்வாண்டே கடுமையாக்கப்பட்டது.

மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யும் விதிகள் 1984இல் வந்தன. பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் அந்தப் பதிவைக் குறிக்கிறது. அது பதிவு செய்யப்பட்ட மருந்து என்பதற்கு அடையாளம். கர்ப்பிணிக்கு ஏற்றது என்பதற்கு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஜாமுப் பொட்டலங்களுக்கும் இதுவே பொருந்தும்.

வலிக்கு விற்கும் ஐபுபுரூபன் மாத்திரையை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கும்படி 2020இல் அமெரிக்க மருந்துத் துறை அறிவித்தது. சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமால் கொடுப்பதே மருத்துவர்களின் பொதுவான வழக்கம். அதுவும் குறைந்த அளவில், தேவையான நாள்களுக்கு மட்டும். அதற்காகப் பயந்துபோய், வலிப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ டாக்டர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரிய கெடுதல்.

ஆஸ்பிரினைப் பாருங்கள். இரத்த அழுத்தக் கோளாறு வரக்கூடிய கர்ப்பிணிகளுக்குச் சிறிய அளவில் தினமும் அதை மருத்துவரே கொடுப்பதுண்டு. தலைவலிக்குக் கடையில் வாங்கும் ஆஸ்பிரின் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். பெயர் ஒன்றுதான்; அளவு வேறு. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையையும் பரிசோதனைப் புத்தகத்தோடு எடுத்துச் சென்றால், தாதி அதைப் படித்துச் சொல்லிவிடுவார்.