தடைகளுக்கு நடுவே ஓடிய சைக்கிள்

ஏற்காட்டிலிருந்து நாகலூர்ப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்கள் லோட்டஸ் 108 என்ற பந்தய சைக்கிளுக்கு ஆசைப்பட வேண்டாம். அதற்குப் பிரேக் கிடையாது, கியர் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். சேலம் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதை இறக்கினால் வண்டியும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். ஓடுதளத்தில் நான்கு கிலோமீட்டரைப் பறந்து முடிக்கவே பிறந்த வண்டி அது.

பிறந்த ஊர் இங்கிலாந்தின் நாரிச். மைக் பர்ரோஸ் என்ற பொறியாளருக்குப் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்வது பிழைப்பு, சைக்கிள் பைத்தியம். சைக்கிள் சட்டத்தின் ஒவ்வொரு குழாயும் காற்றோடு தனித்தனியாக மல்லுக்கு நிற்கிறது. குழாயே எதற்கு என்று கேட்டார். கார்பன் இழைத் துணியை அச்சில் அடுக்கடுக்காகப் பரப்பி, எபாக்சி பிசினோடு இறுகவைத்து, விமான இறக்கைபோல் ஒரே ஓடாக எடுத்தார். முன்சக்கரத்தைப் பிடிக்க இரண்டு கால்களுக்குப் பதில் ஒன்றே ஒன்று.

இழை ஓடும் திசையில்தான் கார்பனுக்கு வலு. மிதிக்கும் விசை முழுதும் விழுகிற பெடல் அச்சைச் சுற்றிப் பல திசைகளில் அடுக்க வேண்டும். வேலையின் சூட்சுமம் அங்கேதான். சேர்வராயன் மலைப் பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமானது நமக்குத் தெரியும். அலுமினியக் குழாயாலும் எடையைக் குறைக்கலாம். அதில் இந்த ஒற்றை ஓட்டின் வளைவுகளைக் கொண்டுவருவதுதான் கடினம்.

பிரிட்டிஷ் சைக்கிள் சங்கம் பர்ரோஸின் வண்டியைக் கண்டுகொள்ளவில்லை. 1987-இல் உலக சைக்கிள் சங்கம் இத்தகைய ஒற்றை ஓட்டுச் சட்டங்களையே தடைசெய்தது. தடை நீங்கியபின், லோட்டஸ் கார் நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் ரூடி தோமன் வண்டியைத் தன் முதலாளிகளிடம் கொண்டுபோனார். காற்றுச் சுரங்கத்தில் வண்டியோடு அதை ஓட்டவிருந்த பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மனின் முதுகும் முழங்கையும்கூடத் திருத்தப்பட்டன. அது சரியான கணக்கு. காற்றை அதிகம் தடுப்பது வண்டியல்ல, ஆள்.

1992 ஜூலை 29, பார்சிலோனா ஒலிம்பிக்கில் நான்கு கிலோமீட்டர் துரத்தல் பந்தயத்தின் இறுதிப் போட்டி. எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்பியவர்களில் போர்ட்மன், ஜெர்மனியின் யென்ஸ் லேமனை எட்டிப்பிடித்தே விட்டார். 72 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டனுக்கு சைக்கிளில் தங்கம். மறுநாள் எல்லோரும் பேசியது வண்டியைப் பற்றி. போர்ட்மனுக்கு அது நியாயமாகப் படவில்லை என்றால் குறைசொல்ல முடியாது.

1996 அக்டோபரில் லுகானோவில் கூடிய உலக சைக்கிள் சங்கம், இயந்திரத்தைவிட மனிதனே முக்கியம் என்று சாசனம் எழுதியது. அதன்படி 2000 முதல் சைக்கிள் சட்டம் மீண்டும் பழைய முக்கோண அமைப்புக்குத் திரும்பியது. பணக்கார அணிகளைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கை வைத்துத் தானே வண்டி கட்டி, 1993-இல் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டிய கிரேம் ஓப்ரீயின் ஓட்டும் பாணிக்கும் அடுத்த ஆண்டே தடை விழுந்தது. அவர் எந்தப் பணக்கார அணி?

பணமுள்ளவர்கள் விதிக்குள்ளேயே வழி தேடிக்கொண்டார்கள். லோட்டஸும் ஹோப் நிறுவனமும் சேர்ந்து, முன்கவையின் கால்களை ஓட்டுநரின் கால்களுக்கு நேராக அகலவைத்து ஒரு கார்பன் வண்டி செய்தன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் அணி ஓட்டியது அதைத்தான்.