வீட்டுமனை முதலீடு (தமிழ்நாடு)

வீட்டுமனை முதலீடு என்பது, பிற்காலத்தில் விலை உயரும் என்ற எதிர்பார்ப்புடனோ, பின்னர் வீடு கட்டும் நோக்குடனோ மனையை வாங்கி வைத்தல் ஆகும். தமிழ்நாட்டில் தங்கத்தைப் போலவே நிலமும் நெடுங்காலமாகக் குடும்பச் சேமிப்பாகக் கருதப்பட்டு வருகிறது. பெரும்பாலானோர் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே நிலம் வாங்குகின்றனர். எனவே முதன்முறையாக வாங்குபவர் தரகர், வழக்கறிஞர், நில அளவர், ஆவண எழுத்தர், வங்கி, அரசு அலுவலகங்கள் ஆகியோரின் உதவியை நாட வேண்டியுள்ளது. இவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றனர். நிலத்தின் உரிமை முழுமைக்கும் உத்தரவாதம் அளிக்கும் ஒற்றை ஆவணமோ, ஒற்றை அலுவலகமோ தமிழ்நாட்டில் இல்லை.

சட்டப் பின்னணி

1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே நிறைவேறும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்கு அந்தச் சொத்தில் உரிமையைத் தருவதில்லை. பதிவு நடைமுறைகளை 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வகுக்கிறது.

இந்தியாவில் பதிவு செய்யப்படுவது ஆவணமே அன்றி உரிமை அன்று. 1858 இல் தெற்கு ஆசுத்திரேலியாவில் அறிமுகமான டாரன்சு முறையில், அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமையை நிலைநாட்டுகிறது. இந்திய முறை அத்தகையது அன்று. விற்பவரிடம் இல்லாத உரிமையை, முறையாகப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமும் வாங்குபவருக்குத் தர இயலாது. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்று தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை உள்ளதா என ஆராய்வது 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு அலுவலரின் பணி அன்று எனக் கூறி அவ்விதியைச் செல்லாததாக்கியது. ஆகவே, உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவரையே சாருகிறது.

முதன்மை ஆவணங்கள்

• மூலப் பத்திரங்கள்: சொத்து இன்றைய உரிமையாளருக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும் முந்தைய பத்திரங்கள். தாய்ப்பத்திரம் எனவும் வழங்கப்படும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அதற்குக் காரணம் கேட்டறிய வேண்டும்.

• வில்லங்கச் சான்று: குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலியவற்றின் பட்டியல். 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். 1963 ஆம் ஆண்டின் காலவரைச் சட்டம் அடமானத்தை மீட்பதற்கு 30 ஆண்டு கால வரம்பை விதித்துள்ளது.

• பட்டா: வருவாய்த் துறையின் பதிவு. யார் பெயரில் நிலவரி கணக்கு உள்ளது என்பதைக் காட்டுகிறது. பட்டா ஒரு துணைச் சான்றே அன்றி, அது மட்டும் உரிமை ஆவணம் ஆகாது. முன்பு தனியாக வழங்கப்பட்ட சிட்டா பின்னர்ப் பட்டாவுடன் இணைக்கப்பட்டது.

• 'அ' பதிவேடு: நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் பதிவேடு. தனியார் நிலமா, அரசுப் புறம்போக்கா, நீர்நிலையா, கோயில் நிலமா என்பதை அறிய உதவும்.

• புலப்படம்: புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம். பத்திரத்தில் உள்ள நான்கெல்லை விவரம் இதனுடன் பொருந்த வேண்டும்.

வில்லங்கச் சான்றில் காணப்படாதவை

"வில்லங்கம் இல்லை" என்ற சான்று கிடைத்தவுடன் சொத்து தூய்மையானது எனக் கருதுவது முதன்முறை வாங்குபவரிடையே பரவலாக உள்ள தவறான புரிதல் ஆகும். அச்சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பின்வருவன அதில் இடம்பெறாமல் போகலாம்.

• பதிவு செய்யப்படாத உயில். உயிலைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம் அன்று.

• வாரிசுகளின் பங்கு. உரிமையாளர் இறந்ததும் வாரிசுகளுக்கு உரிமை வந்து சேர்வதற்குப் பதிவு தேவையில்லை. தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டின் திருத்தம், அதன் தொடக்கத்திற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்கு இணையான உரிமையை வழங்கியது. 2005 ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திருத்தம் இதனை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. மகன்கள் மட்டும் கையொப்பமிட்டு விற்ற சொத்துகளில் பிற்காலத்தில் வழக்குகள் எழுவதற்கு இது முதன்மைக் காரணமாகும்.

• சிறுவரின் பங்கு. 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி, சிறுவரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர் விற்க இயலாது. அவ்வாறு விற்றால், அச்சிறுவர் 18 வயது அடைந்த பின் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்.

• நிலுவையில் உள்ள வழக்கு. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் ஆவார்.

• மூலப் பத்திரங்களை ஒப்படைத்துப் பெற்ற கடன். எழுத்து ஆவணம் இன்றிப் பத்திரங்களை ஒப்படைப்பது மட்டுமே அடமானம் ஆகக்கூடும் என்பதால், அசல் பத்திரங்களை நேரில் காண்பது இன்றியமையாதது. வங்கிகளின் அடமானங்களை, 2011 இல் தொடங்கப்பட்ட செர்சாய் எனும் நடுவண் பதிவகத்தில் கட்டணம் செலுத்தித் தேடலாம்.

• நிலத்தில் உண்மையில் யார் குடியிருக்கிறார் என்பது. இதனை நேரில் சென்றே அறிய முடியும்.

மனைப்பிரிவு ஒப்புதல்

விளைநிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கு, 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் ஒப்புதல் பெற வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதற்குரிய அமைப்புகள் ஆகும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022 இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என விளம்பரப்படுத்தப்படும் மனைகளுக்கு ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மட்டும் மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது.

ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இதனால் அத்தகைய மனைகளை வாங்கி வைத்திருந்த பலர் அவற்றை விற்க இயலாத நிலை ஏற்பட்டது. 2017 இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு இவ்விதிகள் பொருந்தின. குறைந்த விலைக்குக் கிடைத்த மனை, தேவைப்படும் நேரத்தில் பணமாக மாறாது போகலாம் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

2016 ஆம் ஆண்டின் நிலச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், அதாவது ரெரா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாகவோ அமையும் திட்டங்களைப் பதிவு செய்யக் கோருகிறது. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70% தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இன்றி விலையில் 10% க்கு மேல் முன்பணம் பெறக்கூடாது. இப்பாதுகாப்பு திட்ட மனைகளுக்கே உரியது. தனியொருவர் தமது பழைய மனையை மறுவிற்பனை செய்யும்போது இது கிடைப்பதில்லை.

உதவி புரிவோரும் அவர்களின் எல்லைகளும்

• தரகர்: சொத்தையும் வட்டார விலையையும் அறிந்தவர். விற்பனை முடிந்தால் மட்டுமே அவருக்குத் தரகுத் தொகை கிடைக்கும் என்பதால், வாங்க வேண்டாம் என்ற அறிவுரையை அவரிடம் எதிர்பார்ப்பது கடினம். ரெரா திட்டங்களை விற்கும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

• வழக்கறிஞர்: ஆவணங்களைப் படித்து உரிமை பற்றிக் கருத்துரை வழங்குபவர். விற்பவர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞரின் கருத்துரையை மட்டும் நம்பாமல், வாங்குபவர் தாமே ஒருவரை அமர்த்துவது நன்று. அவரிடம் காட்டப்படாத ஆவணத்தைப் பற்றிய கருத்து அவரது உரையில் இராது.

• நில அளவர்: பத்திரத்தில் உள்ள நிலமும் களத்தில் காட்டப்படும் நிலமும் ஒன்றா என்பதைக் கூறுபவர். உரிமை யாருடையது என்பதை அவர் கூற இயலாது.

• ஆவண எழுத்தர்: பத்திரத்தை முறைப்படி எழுதுபவர். தம்மிடம் தரப்படும் விவரங்களை எழுதுவதே அவர் பணி.

• வங்கி: கடன் வழங்கும் முன் தன் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் மூலம் சொத்தை ஆராய்கிறது. இது பயனுள்ள இரண்டாம் பார்வை எனினும், தன் கடனைக் காத்துக்கொள்வதே வங்கியின் நோக்கம். வங்கி கடன் தர மறுத்த சொத்தின் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

• அக்கம்பக்கத்தார்: எல்லைத் தகராறு, மழைநீர் தேங்குதல், விற்பவரின் குடும்பத்தில் உள்ளவர்கள் ஆகிய செய்திகளை எந்த ஆவணத்தையும் விட விரைவாகத் தரக்கூடியவர்கள்.

பொது அதிகார ஆவணம்

உரிமையாளருக்குப் பதிலாக அதிகாரம் பெற்ற முகவர் விற்கும்போது, அந்த அதிகாரம் நடைமுறையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதிகாரம் அளித்தவர் இறந்தால் அது பொதுவாக முடிவுக்கு வருகிறது. பொது அதிகார ஆவணத்தின் வழியாக நடைபெறும் "விற்பனை" உரிமையை மாற்றாது என உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. முகவர் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தந்தால் மட்டுமே உரிமை மாறும்.

செலவும் வரியும்

2023 ஏப்ரல் முதல் மனை விற்பனைக்கு 7% முத்திரைத் தீர்வையும் (சொத்து மாற்று வரி உட்பட) 2% பதிவுக் கட்டணமும் வசூலிக்கப்படுகின்றன. விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றுள் உயர்ந்தது கணக்கில் கொள்ளப்படும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகள் பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கிரவுண்டு எனப்படும் 2,400 சதுர அடி மனையைச் சதுர அடி 1,000 ரூபாய்க்கு வாங்கினால் விலை 24 லட்சம் ரூபாய். தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 2,16,000 ரூபாய் ஆகும். எனவே மனையின் விலை 9% உயர்ந்த பின்னரே முதலீட்டாளர் போட்ட பணம் திரும்புகிறது.

விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் எனில், விவசாய நிலம் நீங்கலாக, வாங்குபவர் 1% வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையைப் பொதுவாக ரொக்கமாகப் பெறக்கூடாது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் நிலத்தின் ஆதாயத்திற்கு, 2024 சூலை 23 முதல் 12.5% வரி விதிக்கப்படுகிறது. அந்நாளுக்கு முன் வாங்கியவர்களுள் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள், விலைவாசிக் குறியீட்டுடன் 20% என்ற பழைய கணக்கையும் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்கும் வரிசை

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரிசை: நிலத்தை நேரில் பார்த்தல், ஆவண நகல்களைப் பெறுதல், வழக்கறிஞரின் கருத்துரை, நில அளவை, எழுத்து வடிவில் ஒப்பந்தமும் முன்பணமும், பதிவு, பட்டா மாற்றம், எல்லைக் கல் நடுதல். முன்பணம் கொடுத்த பின்னர் ஆவணங்களைக் கேட்பது இவ்வரிசையை மாற்றிவிடுகிறது. அப்போது குறை தெரிய வந்தாலும், கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் கவலை வாங்குபவரின் முடிவைப் பாதிக்கும். பதிவுக்குப் பின் பட்டா மாற்றாமலும், வேலியின்றியும் விடப்படும் மனைகள் ஆக்கிரமிப்புக்கும் ஆள்மாறாட்டப் பதிவுக்கும் எளிதில் உள்ளாகின்றன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் வில்லங்கச் சான்றைப் பார்ப்பது இதற்கு எளிய காப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

• வில்லங்கச் சான்று
• பட்டா
• கிரயப் பத்திரம்
• வழிகாட்டி மதிப்பு